மூன்றாவது வால்வுக்குக் கீழே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அன்றைக்கு அது உச்சந்தலைவரை ஏறியிருந்தது.

திருப்புல்லாணிக்குத் தெற்கே, சங்கு குளிப்பவர்கள் இருக்கும் கடற்கரை ஊரில் காளியம்மன் பொங்கலுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தேன். ஐம்பத்தேழாம் வருஷத் தை மாதம். விடியுமுன் ஆறு வள்ளங்கள் கடலுக்குப் போயின. விடிந்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. பனியில் மூழ்கிச் சங்கெடுக்க முடியாது, திரும்பித்தான் ஆகவேண்டும். ஆனால் கரைக்கு முன்னால் நெடுகப் பாறை. உள்ளே வர ஒரேயொரு வழி. தப்பினால் வள்ளம் சுக்கல்.

"அண்ணே, அந்த வழிக்கு நேரா ஒங்க கொழாயக் கட்டிச் சத்தம் குடுங்க. அதப் பிடிச்சு வந்துருவாக," என்றாள் செவ்வந்தி. அவள் புருஷன் பால்சாமி ஆறில் ஒன்றில் இருந்தான்.

குழாய் ஒலிபெருக்கியை அங்கே கட்டினேன். முந்தின நாள் ஊரையே அதிரவைத்த ஆம்ப்ளிஃபையர் அன்று சளி பிடித்த கிழவன் மாதிரி முனகியது. பேட்டரி சரி. மைக் ஒயர் சரி. நான்கு வால்வும் சிவப்பாக எரிந்தன. பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். குழாயில் நான்கும் ஒரே மாதிரிதான் ஒலித்தன.

"மூணாவது சரியில்ல," என்றாள்.

அவள் சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கிறவள். சங்கை நகத்தால் தட்டிப் பார்த்தே, உள்ளே புழு துளைத்ததை வெளியே ஒதுக்குகிறவள். இருந்தாலும் என் பெட்டியில் அவளுக்கு என்ன வேலை? முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது வால்வை மாற்றினேன். அதே முனகல்.

"பாத்தியா?" என்றேன் எரிச்சலோடு.

"கண்ணாடியில இல்லண்ணே. அதுக்கு அடியில. தட்டின பொறவு மணல் சரியுற மாதிரிச் சத்தம் வருது."

பெட்டியைக் கவிழ்த்தேன். காய்ந்த மூங்கில் குச்சியால் அடியில் இருந்த ஒவ்வொரு உறுப்பையும் தொட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு கண்டென்சரைத் தொட்டதும், "அதுதான்!" என்றாள்.

பளபளவென்று புதுசாக இருந்தது அது. போன மாதம் நானே வைத்தது. நானே வைத்ததால்தான் அதைச் சந்தேகப்படவே இல்லை. வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு அதன் ஒரு கம்பிக்காலை வெட்டினேன். லேசாக இழுத்ததும் மறு கால் மெழுகோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே உப்பு பூத்து இற்றுப்போயிருந்தது. வெளியே கீறல் இல்லை, கறுப்பில்லை. அந்த அரிசி மணி அளவு உப்பைக் காதாலேயே பார்த்துவிட்டாளே!

கரி அடுப்பில் பற்றவைக்கும் கோலைக் காய்ச்சி, வேறு கண்டென்சரை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பெட்டியை நிமிர்த்தி, மைக்கை அவள் கையிலேயே கொடுத்தேன். குழாய் முழங்கிற்று.

"இங்கன வாங்க! சத்தத்துக்கு நேரா வாங்க!"

தொண்டை கட்டுமட்டும் கூப்பிட்டாள். பிறகு சட்டென்று கையை உயர்த்தினாள்.

"கேக்குதா? கூவுறாக," என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். எனக்கு அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பன்னிரண்டு வருஷம் குழாயடியில் உட்கார்ந்த காது. அது போய்விட்டது என்பதே அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

குரலை வைத்தே அவள் எண்ணினாள். "சின்னச்சாமி அண்ணன் வள்ளம்... சதக் காக்கா வள்ளம்..." ஐந்துவரை வந்து நின்றுவிட்டாள். மீதி இருந்தது பால்சாமியின் வள்ளம். மறுபடி மைக்கை எடுத்தாள். கூப்பிட்டாள். காத்திருந்தாள்.

பனி அசையவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் பால்சாமி வந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.