துடைத்த வில்லை

அல்பிரட் கருவியின் லென்ஸ் வில்லையைத் துடைத்தது வியாழன் காலை எட்டரைக்கு. மற்ற நாளென்றால் துடைத்திருக்கமாட்டார். அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்தது அவருடைய மனைவி மாக்கிறட்டின் மார்புக்கட்டியில் ஊசியால் எடுத்த மாதிரியை. அதைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயம் போட்டுக் காயவைத்ததும் அவரேதான்.

மன்னார்க் கரையோரத்துச் சின்ன வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் அவருக்குப் பதினெட்டு வருசம். கடற்காற்று பட்டுப் பழைய நுணுக்குக்காட்டியின் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்து அது பாழானபோது, துடைக்காமல் விட்டது யார் என்று மேலிடம் அவரைக் குடைந்தெடுத்தது. அன்றிலிருந்து மனிதர் துணியும் கையுமாகத்தான் திரிவார். பல்கலைக்கழகத்தார் பரிசோதனைக்குக் கொடுத்த புதுக் கருவியிலோ, வில்லை என்று சொல்ல ஒரு புடைப்புக்கூட இல்லை. நகத்தளவு தட்டைக் கண்ணாடி. ஆனால் அது எடுக்கும் படத்தில் ஒவ்வொரு உயிர்க்கலமும் தெளிவாகத் தெரியும். கொழும்பு டொக்டர் படத்தைப் பார்த்து அன்றைக்கே பதில் சொல்லுவார். வில்லையைத் தொடவேண்டாம் என்று, கருவியைக் கொண்டுவந்த ஆராய்ச்சி மாணவி வேணுஜா சொல்லியிருந்தாள்தான். மனைவியின் முறை வருகிற நேரம் அதில் உப்புப் படிந்திருந்தால் அல்பிரட்டுக்குப் பொறுக்குமா? ஊதினார், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தார்.

திரையில் வெறும் வெள்ளை. மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வேணுஜாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, லென்ஸைத் துடைச்சனீங்களோ?"

"ஓம் தங்கச்சி. கைக்குழந்தையின்ர முகம் துடைக்கிற மாதிரித்தான்."

"அதில கண்ணுக்குத் தெரியாத தூண்கள் லட்சக்கணக்கில நிக்குது அண்ணை. அதுகள்தான் வெளிச்சத்தை வளைக்கிறது. துணி பட்டா முறிஞ்சிடும்."

"வேற ஒண்டு?"

"எங்களிட்ட இருந்ததே அது ஒண்டுதான்."

இனி மாதிரி பூசிய கண்ணாடித் தகட்டைக் கொழும்புக்கு அனுப்பிப் பதில் வர இரண்டு மாதம். போன ஒரு மாதத்திலேயே கட்டி நெல்லிக்காயளவிலிருந்து எலுமிச்சங்காயளவுக்கு வந்திருந்தது. அல்பிரட்டுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாக்கிறட் கதவை நீக்கி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இன்னும் முடியேல்லையோ?"

"இல்லை."

"ஆறுதலாப் பாருங்கோ. நான் இருக்கிறன்."

கதவைச் சாத்தாமலே போய் வெளியே இருந்த நீள வாங்கில் அமர்ந்தாள். "உள்ளுக்கு என்ர மனுசன்தான் பாக்கிறார். பிழை விடமாட்டார்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது கேட்டது. அல்பிரட், அவளுக்குத் தன் முதுகு தெரியும்படி கதிரையை இழுத்துப் போட்டு, ஒன்றுமில்லாத திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.