குன்வோர் வீட்டில் முளைத்த அறைகள்

தெற்கே வெயில் கொளுத்திய ஒவ்வொரு கோடையிலும் நார்வே கடற்கரையில் இருந்த குன்வோரின் விடுதியில் ஓர் அறை தானாக முளைத்தது. முதல் அறைக்கு நகராட்சியிலிருந்து ஆள் வந்து, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்தவற்றுக்கு யாரும் வரவில்லை. ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய்க்கொண்டிருந்த கூட்டம் வெயிலுக்குப் பயந்து வடக்கே திரும்பியதில் எத்தனை அறை முளைத்தாலும் நிரம்பியது. புது அறைகளுக்குச் சுண்ணாம்புச் சுவர், சிவப்பு ஓட்டுத் தரை. சுவரில் கை வைத்தால் சுடும். பனிக்காலத்துக்கு நல்லதுதான் என்று இருந்துவிட்டாள் குன்வோர்.

மாலை வானிலைச் செய்தியின் வரைபடத்தில் தெற்கு சிவக்கச் சிவக்க அவள் முகம் மலரும்.

"வாயெல்லாம் பல்லா இருக்கே, எவன் ஊரு எரியுது?" என்பான் கணவன் ஓட்வார்.

"நானா தீ வெச்சேன்? போ, போய்ப் போர்வையை மடி."

ஒரு ஜூலையில் எவரிஸ்டோ என்ற ஸ்பானியர் சமையலறை வேலை கேட்டு வந்தார். தெற்கு ஸ்பெயினில் அல்மேரியாக் கடற்கரையில் விடுதி வைத்திருந்தவர். மணலில் கால் வைக்க முடியாமல் ஆள் வரத்து நின்றுபோகவே பூட்டிவிட்டு வந்திருந்தார். தங்குவதற்கு ஒரு புது அறையைத் திறந்துவிட்டாள் குன்வோர். ஜன்னல் சாத்திய இருட்டில் அவர் கை நேராக விளக்கின் சுவிட்சுக்குப் போயிற்று. பிறகு குளியலறையில், தலைகீழாகப் பதித்திருந்த பூப்போட்ட ஓடு ஒன்றைத் தடவியபடி நெடுநேரம் நின்றார்.

"இது நான் பதிச்சதும்மா. என் பெண்டாட்டி சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஒவ்வொரு அறையா காணாமப் போச்சு. சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

குன்வோருக்குக் காது மடல் வரை சூடேறியது. "எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள்.

"எங்க கொண்டுபோய் வைக்கிறது? அங்க தங்க ஆள் ஏது?"

"ஒண்ணொண்ணும் முளைச்சப்ப நான் சந்தோஷப்பட்டேன்."

"உங்க ஊர் மழைக்குப் பயந்து ஜனங்க எங்ககிட்ட ஓடி வந்தப்ப நானும்தான் சந்தோஷப்பட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வானிலைச் செய்தி வந்ததும் ஓட்வார் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தான். காலையில் அந்த அறைகளின் சாவிக்கொத்தை எவரிஸ்டோவிடம் கொடுத்தாள். வாடகை இனி அவருக்கு. அவர் வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்டில் இன்னோர் அறை முளைத்தது. எவரிஸ்டோ எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களோடது இல்ல, கிரேக்கக்காரங்களோடது" என்றார். மூவருமாகப் பெருக்கித் துடைத்து, புது விரிப்பு போட்டார்கள். வாசலில் பெட்டியோடு நின்றவர்களிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டாள் குன்வோர். அந்த அறைக்கு உரியவர் வந்தால் படுக்க வேண்டுமே.