சூடு போகும் வழி

குளிர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பதைச் செவந்திக்குப் புரிய வைக்க உதயசூரியனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

அவன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவள் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அவன் அனுப்பிய காசில் கட்டிய வீட்டில் இருந்தாள். வேலை முடிந்ததும் கட்டடத்து மொட்டை மாடிக்கு ஏறிப் போய் அவளுக்குப் போன் போடுவான். சுற்றிலும் ஏசிகளின் வெளிப்பெட்டிகள் அனலைக் கக்கிக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளை இல்லை. பேச்சுதான் இருந்தது.

"ஏங்க, அந்தப் பொட்டிக்குள்ள குளிரை எப்படிங்க செய்யிறாங்க?"

"குளிரை யாரும் செய்யல புள்ள. குளிர்னு தனியா ஒண்ணு கெடையாது. சூடு கூட இருக்கும், இல்லாட்டி கொறைச்சலா இருக்கும், அவ்வளவுதான். ரூமுக்குள்ள இருக்குற சூட்டை அள்ளிக் கொண்டாந்து வெளிய கொட்டுறோம்."

"அப்ப குப்பை அள்ளுற வேலைன்னு சொல்லுங்க. மெக்கானிக்குன்னு சொல்லிப் பொண்ணு கேட்டு வந்தீங்களே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. குப்பைதான், ஆனால் கொளுத்தி அழிக்க முடியாத குப்பை என்றான். சூடு அழியாது, இடம்தான் மாறும். ஒரு அறையில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் தெருவில் போய்ச் சேரும். அள்ளுகிற மெஷின் தின்ற கரண்டும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்ளும்.

"அப்படின்னா சித்திரையில இங்கிட்டு அடிக்கிற வெக்கை, நீங்க அங்கிட்டு இருந்து தள்ளி விடுறதுதானா? நல்லா இருக்கு ஒங்க நாயம்."

இன்னொரு நாள் சோற்றை வைத்துச் சொன்னான். "எறக்கி வச்ச சோறு தானா ஆறுதுல்ல. ஆறுன சோறு தானாக் கொதிச்சுப் பாத்திருக்கியா?"

"கொதிச்சா நான் ஏன் வெறகு பொறுக்கப் போறேன்?"

"அதேதான். சூடு தானாப் போறதா இருந்தா, கூட இருக்குற எடத்துலேருந்து கொறைச்சலா இருக்குற எடத்துக்குத்தான் போகும். திருப்பிக் கொண்டாரணும்னா செலவு பண்ணியாகணும்."

"ஒங்களை மாதிரி" என்றாள் செவந்தி. "போறப்ப சுளுவாப் போயிட்டீங்க. கொண்டாரத்தான் முடியல."

வெளிப்பெட்டிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. அவளே பேச்சை மாற்றினாள். முந்திரிக்காட்டில் கூட வேலை செய்யும் பெண்களிடம் குளிர் என்று ஒன்று கிடையாது என்று சொன்னாளாம். மார்கழி மாசம் விடியக்காலையில குளத்துல முங்கிட்டு வந்து சொல்லுடி என்றார்களாம்.

இந்தச் சித்திரையில், கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு முந்திரி மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். அவள் தம்பி சேவுகன்தான் போனில் சொன்னான். அவனுக்கும் அழுகை தாங்கவில்லை.

"எடுத்துறாதீங்கடா" என்றான் உதயசூரியன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "நான் வாரேன். மொகத்தைப் பாக்கணும் சேவுகா. ரெண்டு வருசமாச்சு பாத்து."

"நீங்க வராம எடுக்க மாட்டோம் மச்சான். ஐஸ் பொட்டிக்குச் சொல்லியாச்சு. நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்குறேன். எங்கக்காவை அப்படியே ஒங்ககிட்ட காட்டுறேன்."

பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. அதை வாங்கவே மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. டிக்கெட் அதற்கு அடுத்த விடியலுக்குத்தான் கிடைத்தது. விமானத்தில் அவன் முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தான். பெட்டியைப் பற்றிக் கவலையே படவில்லை. அதுவும் அவன் வேலைதான். அதே கம்ப்ரஸர், அதே கேஸ், உள்ளே இருப்பதை அள்ளி வெளியே கொட்டுகிற அதே வேலை. முகத்தை அது பார்த்துக்கொள்ளும்.

திருச்சியில் இறங்கி, கீரனூர் வழியாகக் காரில் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. வாசலில் சாமியானா. ஆட்கள் எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. மாமியார் அமுதவல்லி ஓடி வந்து அவன் மேல் விழுந்து அழுதாள். அவளைத் தாங்கிக்கொண்டே கதவைத் தள்ளினான்.

முகத்தில் அனல் அடித்தது.

ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. ஜன்னல் இடுக்குகளில் துணியும் பேப்பரும் திணித்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் ஒரு சேலையைப் போர்த்தியிருந்தார்கள். பெட்டி அடியில் ஏதோ டக்கென்று தட்டியது, உறுமியது, அடங்கிப்போனது. சூடு தாங்காமல் கம்ப்ரஸர் தானே நின்றுகொள்ளும் சத்தம் அது. தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்குத் தெரியும். கால் தானாக அங்கே போனது. பெண்டாட்டியைப் பார்க்கும் முன்னால் மெஷினைத்தான் பார்த்தான்.

கால்மாட்டுப் பக்கம், சூடான காற்று வெளியே போகும் சல்லடையில் ஒரு கோணிச் சாக்கு இறுக்கமாக அடைத்திருந்தது.

"மச்சான், கதவைச் சாத்துங்க, குளிர் போயிரும்" என்றபடி சேவுகன் பின்னாலேயே உள்ளே வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிற பையன். தூங்காத கண்.

"இதை யாரு அடைச்சா?"

"நாந்தான் மச்சான். இதுலேருந்து நெருப்பாட்டம் காத்து அடிச்சுச்சு. அக்காவுக்கு அனல் படுமேன்னு..."

"ஜன்னலை?"

"அதுவும் நாந்தான். பொட்டுக் குளிர் வெளிய போகக் கூடாதுன்னு பாத்துப் பாத்து அடைச்சேன்."

உதயசூரியன் சாக்கை இழுத்து எறிந்தான். "அந்தக் காத்து என்னன்னு தெரியுமாடா ஒனக்கு? அது ஒங்கக்கா சூடு. அவ ஒடம்புல இருக்குற சூட்டைத்தான் அது எடுத்து வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அது போற வழியை அடைச்சுட்ட. ரூமையும் அடைச்சுட்ட. அப்புறம் அது எங்க போகும்? சுத்திச் சுத்தி அவகிட்டதானடா வரும்! வேக வச்சிருக்கடா ஒங்கக்காவை!"

சேவுகன் வாய் திறந்தபடி நின்றான். பிறகு வெளியே போனான். சாமியானாவைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, காட்டுப் பக்கம் நடந்து போவது கதவு வழியாகத் தெரிந்தது.

உதயசூரியன் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தான். டேபிள் ஃபேனைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்து, வெக்கையை வெளியே தள்ளினான். விளக்கை வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னான். மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி போட்டான். ஓடியது. கால்மாட்டில் அனல் காற்று வரத் தொடங்கியது. அதில் கையை நீட்டிப் பார்த்தான். சல்லடைப் பக்கத்தை மூடாதே என்பது, புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் அவன் சொல்லிக் கொடுக்கும் பாடம். போனில் சேவுகனிடம் அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லத் தோன்றவில்லை.

பெட்டி நன்றாகச் சில்லிட்ட பிறகு சேலையை விலக்கப் போனபோது பெரியப்பா மலையாண்டி தோளைப் பிடித்தார். "வேணாம்ப்பா. நல்லா இருந்த மொகத்தையே நெனச்சுக்க. பொன்னமராவதியிலேருந்து அவ தாய்மாமன் கோடிச் சேலையோட வந்துக்கிட்டு இருக்காரு. வந்ததும் எடுத்துருவோம்."

"பாக்கத்தான் வந்தேன் பெரியப்பா."

பார்த்தான். கறுத்து, உப்பி, உதடு தடித்து, யாரோ ஒருத்தியாகக் கிடந்தாள். அந்த முகத்தில் செவந்தியைத் தேடினான். கிடைக்கவில்லை. மெஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ச்சியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். அதற்குச் செலவு செய்தால் போதும். முகத்தைத் திருப்பிக் கொண்டுவர எதைச் செலவு செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

கை மட்டும் அவள் கையாகவே இருந்தது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல் நுனிகள். கண்ணாடி மூடியைப் பாதி தூக்கி வைத்து, கையை உள்ளே விட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். இரும்பு மாதிரி சில்லென்று இருந்தது. விடவில்லை. வெளியே மேளக்காரர்கள் வந்தார்கள். யாரோ காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆடை கட்டி ஆறிப்போனது. தாய்மாமன் கார் வந்து, பெண்கள் எழுந்து அழுகிற சத்தம் கேட்டது.

அமுதவல்லி கண்ணாடி வளையலோடு உள்ளே வந்தாள். சுமங்கலியாகப் போகிற மகளுக்குப் போட்டுவிட வேண்டும். "கொஞ்சம் விடுங்க தம்பி" என்று மகளின் கையை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள். வளையல்கள் கீழே விழுந்து நொறுங்கின.

"சூடா இருக்கு!" என்று கத்தினாள். "ஏ, எல்லாரும் வாங்க! ஏம்மக கை சூடா இருக்கு! உசுரு இருக்கு!"

வாசலில் மேளம் நின்றுபோனது. ஆட்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களை இடித்துக்கொண்டு சேவுகன் வந்தான். எப்போது திரும்பினானோ, உடம்பெல்லாம் காட்டுப் புழுதி.

"மச்சான், வண்டியை எடுக்கட்டுமா? தஞ்சாவூர் கொண்டு போயிரலாம் மச்சான். வெரசாப் போயிரலாம்!"

உதயசூரியனும் ஒரு கணம் நம்பிவிட்டான். பெட்டிக்குள் கையை விட்டு அவளுடைய இன்னொரு கையைத் தொட்டான். சில்லென்று இருந்தது. சேவுகன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு உயிர் இருந்துவிட்டால் தான் செய்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடும் என்கிற ஆசை அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அத்தை, அது ஏஞ்சூடு" என்றான் உதயசூரியன்.

"என்ன தம்பி சொல்றீங்க?"

"இம்புட்டு நேரம் நான் புடிச்சுக்கிட்டு இருந்தேன்ல. ஏங்கிட்டேருந்து அவ கைக்குப் போயிருக்கு. அவளது இல்ல அத்தை. என்னுது."

அமுதவல்லி நம்பவில்லை. மகளின் கையை விடாமல், இன்னொரு கையால் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்ததும் அவள் முகம் மாறியது.

"ஒங்க கை சில்லுன்னு கெடக்கு தம்பி."

"ஆமா அத்தை. அங்கிட்டுப் போனது இங்கிட்டுக் கொறையும்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். சேவுகனும் திரும்பினான்.

"சேவுகா, இங்க வா."

வந்தான். பக்கத்தில் வரவில்லை.

"அந்தப் பக்கத்துக் கை ஆறிக் கெடக்கு. போய்ப் புடி."

"நான் தொடலாமா மச்சான்? நான்தானே..."

"நீ ஒங்கக்காவை அனல் படாமப் பாத்துக்கிட்ட. நான் ஒனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லல. வா. வந்து புடி."

சேவுகன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மண்டிபோட்டு உட்கார்ந்தான். அக்காவின் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்தினான். முதலில் அந்தச் சில்லிப்புக்குத் தோள் குலுங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குஞ்சைப் பொத்துவது போல இறுக்கிப் பிடித்தான். உதயசூரியன் இந்தப் பக்கத்துக் கையை மறுபடி எடுத்துக்கொண்டான். அதற்குள் அது கொஞ்சம் ஆறியிருந்தது.

மலையாண்டி பெரியப்பா வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார். "பொழுது எறங்குது. எடுத்துருவோமாப்பா?"

உதயசூரியன் சரியென்று தலையை ஆட்டினான்.

"மச்சான்" என்றான் சேவுகன், கண்ணைத் திறக்காமல். "இன்னும் சூடு ஏறல மச்சான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."