போனை அணைத்த வாசு

"அடுப்ப அணை" என்றது போன். வாசு போனை அணைத்தான்.

அணைத்ததும் ஒரு வேலையை முடித்த நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் வினை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிவிட்டான். பக்கத்து லைன் வீட்டு சம்பங்கியக்கா, "இன்னாப்பா, வீட்ட கொளுத்திகினு கீறியா?" என்று ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது, பருப்பு பாத்திரத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது. புகை போகட்டும் என்று வாசு ஜன்னலைத் திறந்தான். நந்திதுர்க்கில் காற்றுக் காலத்தில் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது, தலை நன்றாக இருப்பவர்களுக்குத் தெரியும். தங்கச் சுரங்கம் கழித்துக் கொட்டிய சயனைடு மேட்டு மண் மொத்தமும் உள்ளே வந்தது. புகை மட்டும் வெளியே போகவில்லை.

பங்காருபேட்டை ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து, வாசுவின் ஞாபகம் போனில்தான் குடியிருக்கிறது. பெங்களூரில் தெரபி பார்க்கும் நளினி மேடம் அதில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தார். வீட்டில் யாராவது பேசிப் பதிந்து வைத்தால், நேரத்துக்கு அதே குரலில் கூப்பிட்டுச் சொல்லும். அவன் மனைவி மாலா பதிந்தாள். பல்லு தேய்ச்சியா, மாத்திரை போடு, சட்டை பட்டன் சரியா கீதா பாரு. இத்தனை வருஷத்தில் மாலா சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், அதையும் இப்போது போன் சொல்லித் தீர்த்தது.

அடிபடும் முன்பு அவன் சரக்குப் பார்த்த ஒயிட்ஃபீல்ட் குடோனில், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் வேறு ஆளாம். மாலா ஒரு நிபந்தனை வைத்தாள். ஞாயிறு காலை அவள் புத்த விகாருக்குப் போய்த் திரும்பும் வரை தனியாகச் சமைத்து, வீடு வீடாக இருந்தால், மறுநாள் தனியாக ரயில் ஏறலாம்.

வீடு வீடாக இல்லை.

பாத்திரத்தைத் தேய்த்தான். வைத்தான். வாசலுக்குப் போனான். எதற்கு வந்தோம் என்று மறந்து உள்ளே வந்தான். மறுபடி தேய்த்தான்.

"அக்கா, இது அடிபட்டதால வந்ததா? நாளைக்கு நான் ரயில் ஏறலாமா?"

"எல்லாம் நல்லாயிடும்பா" என்று சம்பங்கியக்கா குழாயடிக்கு நழுவினாள்.

நளினி மேடத்துக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார், நல்ல மனுஷி. "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி, வாசு. பொறுமையா பாக்கலாம்."

ரயிலில் கூடவே சீட்டாடிக்கொண்டு போகும் விநாயக்கைக் கூப்பிட்டான்.

"வா குரு! ஊர்காம் ஸ்டேஷன்ல ஏறு. துண்டு போட்டு சீட் புடிச்சி வைக்கிறேன்."

"ஏறலாமா, கூடாதாடா?"

"அதான் துண்டு போடறேன்னேன்ல?"

வாசு போனை வைத்துவிட்டு எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். விகாரிலிருந்து திரும்பிய மாலா, வெள்ளைப் புடவையில் வாசலிலேயே நின்று புகை வாடையை மோந்து பார்த்தாள்.

"புதுசா ஒரு பருப்பு" என்றான் வாசு. "கடப்பாறை வச்சிதான் சாப்பிடணும்."

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். அடுப்புக்கு நேரே 'முடிந்தது' என்று பதிவாகியிருந்தது. போன் பேசவே இல்லையோ என்று சந்தேகப்பட்டு, மறுபடி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டவன் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

"அடுப்ப அணை" என்றது மாலாவின் குரல்.

"சரி சரி" என்றான் வாசு, பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே. ஈரக் கை தானாக நீண்டு போனை அணைத்தது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"யோவ்" என்றாள் மாலா மெதுவாக. "இது அடிபட்டதால வந்தது இல்ல. நான் இன்னா சொன்னாலும் சரி சரின்னு சொல்லிட்டு திரும்பிப் படுக்கிறவன்தானே நீ? கல்யாணமான வாரத்துலயே ஆரம்பிச்சிட்ட."

வாசுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விழுந்ததில் எதெதுவோ கொட்டிப்போயிருக்க, புருஷன் புத்தி ஒன்று மட்டும் கீறல் விழாமல் தப்பித்திருக்கிறது!

"அப்ப தலை நல்லாத்தான் கீது! விநாயக் குரல பதிஞ்சிக்கலாம். அவன் திட்டுற கெட்ட வார்த்தைக்கு நான் எழுந்துப்பேன்."

"பதியலாம்."

"நாளைக்குப் போலாம்ல? முன்ன மாதிரி ஆயிடுவேன்ல?"

மாலா ஜன்னலைச் சாத்தினாள். முந்தானையால் கட்டில் மேலிருந்த மண்ணைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"பாக்கலாம்னு மட்டும் சொல்லாத மாலா. காலையிலருந்து அத கேட்டுகினே கீறேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆவ மாட்ட" என்றாள். "முன்ன மாதிரி ஆவ மாட்டய்யா. நாளைக்கு ரயிலும் வேணாம். வேல போனா போவட்டும். எறங்குன்னு போன் சொல்லும், நீ சரின்னுட்டு உக்காந்துகினே போவ. உன்ன எங்கன்னு போயி தேடுவேன் நான்?"