பக்கத்தால் எழாத கை

ஜமால்தீன் மாத்தளையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிவு எழுதும் லிகிதர். புதிதாக வந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தோட்டத்துச் சனங்கள் வரும் நாட்களில் இரண்டு பக்கத்துக்கும் ஜமால்தீன்தான் வாய். இது நடந்தது அறுபத்து நான்காம் ஆண்டு.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நல்லம்மா மழையில் வழுக்கி விழுந்து, வலது தோள் மூட்டு விலகி, இரண்டு மாதமாகக் கட்டோடு இருந்தாள். கட்டை அவிழ்த்தாயிற்று. இனி கொழுந்து மலைக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று அன்று முடிவு எழுத வேண்டும். விறாந்தையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். டொக்டர் தலை நிமிராமல் எழுதியபடியே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஃப்ளெக்ஷன்."

"கைய முன்னுக்குத் தூக்குங்க நல்லம்மா." தூக்கினாள்.

"எக்ஸ்டென்ஷன்."

"பின்னுக்குக் கொண்டு போங்க." பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுபோனாள்.

"அப்டக்ஷன்."

அந்தச் சொல் ஜமால்தீனுக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் டொக்டர் நாலு பேர் முன்னால் அவனுடைய இங்கிலீஷை மெச்சியிருந்தார்.

"இன்னொருக்காத் தூக்குங்க" என்றான்.

அவள் மறுபடியும் முன்னுக்கே தூக்கினாள். "இப்புடி வருதுங்கய்யா. பக்கத்தால தூக்கத்தான் முடியல. கொழுந்த எப்புடிங்க முதுகுக் கூடையில போடுறது?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

"ஒன்றுமில்லை சேர். தூக்குகிறாள்."

வேலைக்குப் போகலாம் என்று துண்டு எழுதப்பட்டது.

மூன்றாம் வாரம் அவளை லொறியில் கொண்டுவந்தார்கள். அதே கையில் முழங்கை நொறுங்கியிருந்தது. புருஷன் மாடசாமி சொன்னான்: "கை பக்கத்தால எழலேன்னு கூடைய முன்னால மாட்டிக்கிட்டாங்கய்யா. கால் வைக்கிற எடம் தெரியல. தண்ணி ஓடுற கான்ல உருண்டுட்டா."

ஜமால்தீன் நேரே டொக்டரின் அறைக்குப் போனான்.

"சேர், அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல இருந்துவிட்டேன். முடியாது என்று அவள் சொன்னதையும் உங்களிடம் சொல்லவில்லை."

டொக்டர் பேனாவை வைத்தார். பிறகு எழுந்து தன் கையை உடம்பிலிருந்து பக்கவாட்டாக விலக்கித் தோள் மட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

"இதுதான் அப்டக்ஷன். நான் ஒருதரம் நிமிர்ந்திருந்தால் என் கண்ணே கண்டிருக்கும்."

கொழுந்து மலைக்கு இவளை அனுப்பக் கூடாது என்று அன்றே தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார். ஜமால்தீன் வார்டுக்குப் போய் நல்லம்மாவின் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"அன்னைக்கி நான் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"விழுந்திச்சு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தோட்டத்தில் அவளைப் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். தாய்மார் மலைக்குப் போனதும் இடது கையால் தொட்டில் ஆட்டினாள். வலது கை கடைசிவரை சரியாகவில்லை. மாதமொருமுறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவள் ஜமால்தீனைப் பார்ப்பதில்லை. டொக்டர் முன்னால் போய் நின்று, எவ்வளவு தூரம் கை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று தானே அசைத்துக் காட்டுவாள். டொக்டரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் ஜமால்தீன் ஒன்றுகூட விடாமல் டொக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.