மாமனார் செதுக்கிய கட்டை

கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு, பல் டாக்டர் தன் துப்பாக்கிக்கு வாய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். கையில் ஒரு நீலத் தாள். நோயாளிகளிடம் "கடிங்க, இன்னும் நல்லா கடிங்க" என்று சொல்லிக் கடிக்கவைப்பாளே, அதே தாள்தான். பல் எங்கே உயரமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும்.

ஒழுங்காகச் செய்த துப்பாக்கியில் குழலின் முன்பாதி, அதைத் தாங்கும் மரக் கட்டையைத் தொடவே கூடாது. அந்தரத்தில் நிற்கவேண்டும். தாளைச் செருகினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி அடிவரைக்கும் போகவேண்டும். இவள் செருகிய தாள் நாலு விரல் தூரம் போய்ச் சண்டித்தனம் செய்தது. இழுத்தாள். கிழிந்து பாதிதான் வந்தது.

"யாராவது வர்றாங்களா?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"அப்பா டீக்கடையில இருக்கார். கிளப் தலைவர்கூடப் பேசிட்டிருக்கார்" என்றான் காவலுக்கு நின்ற கணவன். "அதாவது, தலைவரைப் பேச விடாம பேசிட்டிருக்கார்."

அவன் காதுகளில் பஞ்சு இருந்தது. வெடிச் சத்தம் என்றால் அவனுக்கு ஆகாது. துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு வரும் நாட்களில் வீட்டு வாசலிலேயே பஞ்சு வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அன்று அணித் தேர்வு. கிளப்பிலிருந்து மூன்று பேரைத்தான் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். டாக்டர் போன வருடம் நாலாவது. அதற்கு முந்தின வருடமும் நாலாவது. கிளப்பில் அவளுக்கு 'நாலாம் நம்பர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. பல் வலி யாருக்கும் எப்போதும் வரலாம் என்ற பயம். இந்த வருடம் பயிற்சியில் அவள்தான் இரண்டாவதாக இருந்தாள். கட்டை வரும்வரை.

கட்டை வந்தது மாமனாரிடமிருந்து. மாமனார் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பணிக்காலத்தில் ஒரு நாற்காலியையும் செய்ததில்லை. ஆயிரக்கணக்கான நாற்காலிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சிவப்பு மையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று ரப்பர் முத்திரை குத்துவதுதான் வேலை. தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் முத்திரை. வீட்டில் அந்தப் பெயர் தெரியாததுபோல் எல்லோரும் நடந்துகொண்டார்கள். ஓய்வுக்குப் பிறகு முத்திரை குத்த வேறு எதுவும் இல்லாததால் சாம்பார் கரண்டி முதல் மனைவியின் தூக்கம் வரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் உளி வாங்கிவந்தார்.

"கம்பெனிக்காரன் எல்லாருக்கும் ஒரே கட்டையைச் செஞ்சு விக்கிறான். என் மருமகளுக்கு நான் செய்யறேன். ஒருத்தருக்குன்னே செஞ்சா அதோட தரமே வேற" என்று அறிவித்தார்.

மூன்று மாதம் மொட்டைமாடியில் உளிச்சத்தம். வால்நட் மரம். பக்கவாட்டில் இலைகள், கொடிகள், நடுவே சிறகு விரித்த கழுகு. கழுகு என்பது அவர் சொன்னது. வீட்டில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தினால் கோழி அமோகமாக ஜெயித்திருக்கும். அதன்மேல் பூச்சு பூச்சாக வார்னிஷ். எந்த இடத்திலும் குறை வைக்கக்கூடாது என்ற கொள்கையால், குழல் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் அதே சிரத்தையோடு பூசித் தள்ளிவிட்டார். குழலுக்கென்று விட்ட இடைவெளியை வார்னிஷ் குடித்துவிட்டது.

கிளப்பில் விழா எடுத்துக் கட்டையைக் கொடுத்தார். தலைவர் பேசினார், இவர் பேசினார், தலைவர் பேசியதைத் திருத்தி மறுபடியும் இவர் பேசினார். மறுநாளிலிருந்து டாக்டரின் குண்டுகள் கறுப்பு வட்டத்தை விட்டு வெளிநடப்பு செய்ய ஆரம்பித்தன. துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரை இழுத்துப் பிடித்துச் சுடப் படுத்தால் கட்டை வளைந்து குழலை முட்டியது. குண்டு வலப்பக்கம் மேலேறியது. போதாததற்குக் கட்டை நீளம். கன்னத்தை வைக்கக் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டவேண்டியிருந்தது.

"உன் மூச்சு சரியில்லைம்மா" என்றார் மாமனார். "கட்டை புதுசு. கை அதுக்குப் பழகணும்."

சொல்லிவிடலாம் என்று டாக்டர் வாயெடுத்த அன்று, மாமியார் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அவர் ரிட்டயர் ஆனதிலேருந்து இந்த மூணு மாசம்தான் என்னை எதுலயும் குறை சொல்லலை. உனக்குப் புண்ணியமாப் போகட்டும். பொருந்துதுன்னு சொல்லிடும்மா."

சொல்லிவிட்டாள். 'பொருந்துது மாமா.' அந்த இரண்டு சொல்தான் இன்று டிக்கிக்குள் நீளமாகப் படுத்திருந்தது.

பக்கத்தில் ஒரு படுக்கை விரிப்பில் சுற்றிவைத்த இன்னொன்றும் படுத்திருந்தது. பழைய கட்டை. பரண்மேல் மாமனார் தூக்கிப்போட்டதைக் கணவன் அதிகாலையில் திருடிக்கொண்டு வந்திருந்தான். சொந்த வீட்டில், சொந்த மனைவியின் பொருளைத் திருடிய படபடப்பு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. துப்பாக்கிப் பரிசோதனை மேசை சீக்கிரம் மூடப்படும், மிச்சமிருப்பவர்கள் உடனே வரவும் என்றது. மேசையில் துப்பாக்கிமேல் ஒரு முறை ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டால் பிறகு கட்டையை மாற்ற முடியாது. மாற்றினால் வெளியே போகவேண்டியதுதான்.

"மாத்திடு" என்றான் கணவன்.

"மாத்தினா குறி நகர்ந்திடும். எங்கே போய் விழும்னு தெரியாது. போட்டிக்கு முன்னாடி சரிபார்க்கத் தர்ற நேரம் கொஞ்சம்தான். அதுக்குள்ள பிடிக்கலைன்னா முடிஞ்சது."

"அப்ப மாத்தாதே."

"மாத்தலைன்னா அரை மணி நேரத்துல வலப்பக்கம் ஏற ஆரம்பிக்கும். அது நிச்சயம்."

"ஒண்ணு செய்யலாம்" என்று குரலைத் தாழ்த்தினான். "நான் தெரியாம கீழே போட்டுடறேன். உடைஞ்சிடும். யார் மேலயும் தப்பில்லை."

"அவ்வளவு வார்னிஷ் இருக்கு. தரைதான் உடையும்."

அவள் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள். வியர்வை. வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் நோயாளி முன்னால் ஒரு நாளும் இப்படி வியர்த்ததில்லை. மறுபடியும் நாலாவதாக வந்தால் யார்மேல் பழிபோடுவது என்று யோசித்துப் பார்த்தாள். கட்டையின்மேல் போட முடியாது. பொருந்துகிறது என்று சொன்ன வாய் அவளுடையது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். முதல் ஸ்க்ரூ முனகிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் வந்ததும் குழலைத் தூக்கினாள். கீழே பள்ளத்தில், வலது ஓரமாக, நீளமாய் ஒரு நீலக் கோடு.

"வந்துட்டார்" என்றான் கணவன். குரல் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது.

மாமனார் வந்துகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பெனி நாட்களில் சரக்கு வரிசையைப் பார்வையிடுகிற நடை. டிக்கிக்கு அருகில் வந்து நின்றார். ஒரு பக்கம் குழல். ஒரு பக்கம் அவர் கட்டை, வயிறு திறந்து. நடுவே விரிப்பிலிருந்து எட்டிப்பார்க்கும் பழைய கட்டை. எதையும் விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"என்ன டாக்டர் இது?" என்றார். கோபம் வந்தால்தான் மருமகள் டாக்டர் ஆவாள்.

கணவன் இருமினான். "அப்பா, அது வந்து... சுத்தம் பண்றதுக்காக..."

"உன்னைக் கேக்கலை."

"பொருந்தலை மாமா" என்றாள் டாக்டர்.

சொன்னபிறகு அவளுக்கே காது அடைத்தது. தூரத்தில் யாரோ சரிபார்ப்புக் குண்டு சுட்டார்கள். கணவன் துள்ளினான். மாமனார் அசையவில்லை.

"பொருந்துதுன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"தலைவர் முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி நான் குடுத்தது. இன்னைக்கு அவர் பேசப்போறதே அதைப் பத்தித்தான். இப்ப போய்..." குரல் உடையப் பார்த்தது; உடையவிடாமல் சத்தமாக்கினார். "முப்பது வருஷம் தரம் பார்த்தவன்ம்மா நான்!"

"அப்பப் பாருங்க." கட்டையைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினாள். "இந்த நீலம் இருக்கிற இடமெல்லாம் குழல் இடிக்குது. உங்க பல் செட்டை எத்தனை தடவை திருப்பிக் குடுத்தீங்க மாமா? இங்கே உறுத்துது, அங்கே ஆடுது, டாக்டருக்குப் படிச்சவ இப்படியா செய்வேன்னு நாலு நோயாளிங்க முன்னாடி கேட்டீங்க. நான் எதாவது சொன்னேனா? இதே தாளைக் கடிக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப ராவிக் குடுத்தேன்."

மாமனார் வாயை மூடிக்கொண்டார். பல் செட் மிகக் கச்சிதமாக மூடியது.

"நீளம் வேற" என்றாள். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று. "என் கைக்கு இது ரொம்ப நீளம். யார் அளவுக்குச் செஞ்சீங்க?"

மாமனாரின் பார்வை மெதுவாக மகன் பக்கம் போனது. பிறகு தரைக்குப் போனது. "மருமக கையைப் பிடிச்சு நான் எப்படிம்மா அளவெடுக்கறது? மரியாதையா இருக்குமா? அதான்... புருஷன் பொண்டாட்டிதானே, பெருசா என்ன வித்தியாசம் இருக்கப்போகுதுன்னு..."

"அன்னைக்கு என்னை அளந்தது சட்டை தைக்கன்னு சொன்னீங்களே?" என்றான் கணவன். அவன் குரலில் நிஜமான ஏமாற்றம். "மூணு மாசமா சட்டைக்குக் காத்திட்டிருக்கேன்!"

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. கடைசி அழைப்பு.

டாக்டர் பழைய கட்டையை விரிப்பிலிருந்து உருவினாள். மேலே சிராய்ப்பு, ஒரு மூலையில் சில்லு பெயர்ந்திருந்தது. குழலை அதில் உட்காரவைத்தாள். "நேராப் பிடி" என்று கணவனிடம் கொடுத்தாள். இரண்டு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முறுக்கவேண்டும். கட்டையின் அடியைத் தரையில் ஊன்றி, அசையாமல் நிறுத்தவேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தால் எல்லாம் வீண். கணவன் பிடித்தான். துப்பாக்கி அவன் கையில் ஜுரம் வந்தமாதிரி நடுங்கியது.

"ஆட்டாதே."

"நான் ஆட்டலை. அதுவா ஆடுது."

மாமனார் பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போவதற்குத்தான் உடம்பைத் திருப்பினார். ஆனால் ஒரு வேலை கண்ணெதிரே தப்பாக நடக்கும்போது விலகிப்போக அந்த மனிதருக்குத் தெரியாது. அவருடைய நோயே அதுதானே.

"இப்படியாடா பிடிப்பாங்க? தள்ளு!"

மகனை இடுப்பால் ஒதுக்கினார். குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கட்டையைப் பிடித்தார். துப்பாக்கி, மேலாளர் முன்னால் நிற்கும் தொழிலாளி மாதிரி, ஆடாமல் நின்றது.

"முன்னாடி கால் சுத்து. போதும். இப்பப் பின்னாடி. அவசரப்படாதே. மறுபடி முன்னாடி" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நீலத் தாளை அவரே எடுத்துச் செருகினார். அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. எடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை செருகினார். பிறகு அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்.

மேசையை மூடப்போன அதிகாரி, மூச்சிரைக்க வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒட்டுச்சீட்டை ஒட்டினார்.

முதல் சரிபார்ப்புக் குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம் கீழே, ஊருக்கு வெளியே விழுந்தது. டாக்டர் பாயில் படுத்தபடி குறிக்கருவியின் திருகைத் திருப்பினாள். இரண்டாவது கொஞ்சம் கிட்டே வந்தது. மூன்றாவது கறுப்பின் விளிம்பு. நான்காவது, எந்த நியாயமும் இல்லாமல், மறுபடி வெளியே. ஸ்க்ரூ தளர்ந்துவிட்டதா? காற்றா? இல்லை, புதுக் கட்டைக்குப் பழகிப்போன கழுத்து இப்போதும் நீண்டுகொண்டு நிற்கிறதா? கழுத்தைத் தளர்த்தினாள். கன்னம் தானாகவே பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. ஐந்தாவது நடுவுக்குப் பக்கத்தில். அதற்குள் சரிபார்க்கும் நேரம் முடிந்தது.

பின்வரிசையில் மாமனார் தலைவருக்குப் பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் காதோரம் என்னவோ கேட்டார். மாமனார் கையைக் காட்டி அடக்கினார். யாரையும் பேசவிடாதவர் என்பது ஊரறிந்தது. தானும் பேசாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

பாதிவரை நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு குண்டுக்குப் பத்துக்கு எட்டுதான் விழுந்தது. டாக்டர் கன்னத்தை எடுத்துவிட்டு, கண்ணை மூடிப் படுத்தே கிடந்தாள். வலப்பக்கம் ஏறுகிறதா என்று பார்க்க அடுத்ததைச் சுட்டாக வேண்டும். சுட்டாள். பத்து. அடுத்ததும் பத்து. ஏறவில்லை. அது அவளுடைய தப்புதான், கட்டையுடையது இல்லை. தன் தப்பு என்று தெரிந்ததில் இவ்வளவு ஆறுதல் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

முடிவு வாசித்தார்கள். முதல் பெயர், இரண்டாவது பெயர். மூன்றாவதாக அவள் பெயர். நாலாவதாக வந்தவர் ஒரே ஒரு புள்ளி பின்னால். அந்த மனிதர் முகத்தில் இருந்த பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அதனால் உடனே கையைத் தூக்கிக் கொண்டாட முடியவில்லை. கணவன் பஞ்சை எடுத்துவிட்டு ஓடிவந்தான்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். தயார் செய்து வைத்திருந்த பேச்சு, துப்பாக்கியின் பக்கம் கண்ணைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தது. "ஒரு மாமனாரின் கைகள் செதுக்கிய கட்டை, ஒரு மருமகளின் தோளில் வெற்றியாக மலர்ந்திருக்கிறது! கலையும் வீரமும் கைகோத்த இந்தத் தருணத்தில்..." கைதட்டல் எழுந்தது. எல்லோரும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார்.

அவர் ஆமென்று சொன்னால் டாக்டரும் சிரித்துத் தலையாட்டியாக வேண்டும். வீட்டுக்குப் போனதும் அந்தக் கோழி மறுபடியும் துப்பாக்கியில் ஏறி உட்காரும்.

மாமனார் ஒலிவாங்கியை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"அது என் கட்டை இல்லை" என்றார். "கம்பெனிக் கட்டை. நான் செஞ்சது பொருந்தலை. நிராகரிச்சாச்சு."

தலைவர் அடுத்த பக்கத்தைத் தேடினார். மாமனார் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்க நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"ஆனா மாட்டும்போது நேராப் பிடிச்சது நான்தான்."