மூட்டை தரையில் படாத ஐம்பத்து மூன்று நிமிஷம்

“செத்து ஐம்பத்து மூணு நிமிஷம் ஆன ஆளை, எட்டு மூட்டைக்காரனுங்களையும் ஒரு பாட்டில் கொழுப்பையும் வெச்சு எழுப்பினேன். நடுவுல எமன் மூணு தபா வந்து கதவைத் தட்டினான். ‘டாக்டரம்மா பிஸியா கீறாங்க, அப்பால வா’ன்னு தொரத்திட்டேன்!”

ரிட்டயரான நர்ஸ் பஞ்சாட்சரம் டீக்கடையில் இதை ஆரம்பித்தால் உத்திரமேரூர் ஏரியே கரையேறி வந்து கேட்கும். நம்பாதவன் ஒருவன்தான்: சின்னராசு. செத்ததாகச் சொல்லப்படும் எல்லப்பனின் அண்ணன்.

“வுடு சாரே. அது வெறும் மயக்கம்.” ஆறு வருஷமாக இதே பதில்.

மயக்கமா? பஞ்சாட்சரத்துக்கு ஒவ்வொரு நொடியும் ஞாபகம் இருந்தது. நெல் மூட்டை தூக்கும் எல்லப்பன் கையைக் கிழித்துக்கொண்டு அவர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தான். தையலுக்கு முன் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மருந்து சதையில் நிற்காமல் ரத்தத்தில் கலந்துவிட்டது.

“நாக்கெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி கீது சார்” என்றவனுக்கு வலிப்பு வெட்டி இழுத்தது. அடங்கியபோது நாடி இல்லை.

டாக்டர் ஜெனிஃபர் மூச்சுப் பையை அழுத்தியபடி கத்தினார்: “ஊசி மருந்து இதயத்தை நிறுத்திடுச்சு. அதை உறிஞ்சி எடுக்கிற கொழுப்பு மருந்து செங்கல்பட்டுல இருக்கு, கார்ல வருது. வர்ற வரைக்கும் நெஞ்சை அமுக்கறதை விடக் கூடாது!”

நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த பஞ்சாட்சரத்துக்குப் பத்தாவது நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும்போல் ஆனது. வாசலில் நின்ற எல்லப்பனின் கூட்டாளிகளைக் கூப்பிட்டார்.

“தோள் மாத்தறப்போ மூட்டை தரையில படலாமா?”

“படாது சார்.”

“இதுவும் அப்படித்தான்டா!”

வரிசையில் நின்றார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருவன். ஒருவன் கையை எடுக்கும்போதே அடுத்தவன் கை அங்கே இறங்கியது. விலா எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒருவன் அழுதுகொண்டே அமுக்கினான். எல்லப்பனின் முகம் ஈரச் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

கார் வந்தது. பால் போன்ற அந்த மருந்து ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினார்கள். ஆறு நிமிஷம் கழித்து மானிட்டர் கோடு ஒரு துள்ளு துள்ளியது.

இன்று டீக்கடையில் பஞ்சாட்சரம் குஷியில் கதையை இன்னும் ஊதினார். “நம்ம சின்னராசு மட்டும் நாலு ஆள் அமுக்கு அமுக்கினான்! கை ஒடிஞ்சாலும் வுட மாட்டேன்னான்!”

நடந்தது வேறு. அதை அவர் எந்தக் கதையிலும் சேர்த்ததில்லை.

சின்னராசு கிளாஸைக் கீழே வைத்தான்.

“போதும் சாரே. நான் கையே வெக்கல.”

பஞ்சாட்சரம் தடுக்கக் கையைத் தூக்கினார். அவன் நிறுத்தவில்லை.

“அவன் காலத் தொட்டேன். சில்லுனு இருந்துச்சு. ‘பொணத்த இன்னாத்துக்கு ஒடைக்கிறீங்க, வுடுங்கடா’ன்னு கத்தினேன். ஒருத்தனும் கேக்கல. வூட்டுக்குப் போய் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கினு இருந்தேன்.”

பஞ்சாட்சரம் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தினார்.

“மயக்கம்னு சொல்லிக்கினாதான் சோறு எறங்கும் எனக்கு” என்றான் சின்னராசு. “மயக்கம் இல்ல சாரே. செத்துதான் பூட்டான். அப்பாலதான் வந்தான்.”